பச்சை பிடித்த காசுகளைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீடு சிங்கப்பெருமாள் கோவிலில். ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் வாங்கி, சித்தப்பாவின் சம்மதத்தோடு அவருடைய காலி மனையில் தேடினேன். முழங்கால் ஆழத்தில் பதினேழு காசுகள் கிடைத்தன. சில பச்சை பிடித்தும் சில கறுத்தும் உள்ளன. நான்கைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெரியும் என்கிறார்கள். தேய்க்கலாமா? விற்கலாமா? கிரயப் பத்திரத்தில் ‘நிதி நிட்சேபம் உள்பட’ என்று எழுதியிருப்பதால் எல்லாம் நமக்கே சொந்தம் என்கிறார் சித்தப்பா. அது சரியா?
– வாசகர், சிங்கப்பெருமாள் கோவில்

பதில்: தேய்க்காதீர்கள். ஒட்டியிருப்பதைப் பிரிக்கவும் வேண்டாம். அருங்காட்சியகத்தார் சொல்லும் காரணம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் சொந்தப் பங்கைக் காப்பாற்றிக்கொள்ளவே இதைச் சொல்கிறேன். உங்கள் விஷயத்தை முதலில் ஆள்வது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையல்தான். தங்கம், வெள்ளி என்ற பேதம் அதில் இல்லை, செம்புக்காசும் சேரும். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், என்ன கிடைத்தது, தோராய மதிப்பு என்ன, எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது காட்டுவதாக ஆட்சியருக்குப் பிணையம் தர வேண்டும். 1878இல் பத்து ரூபாய் பெரிய தொகை. இன்றைக்குப் பதினேழு பழங்காசுகள் அந்த வரம்புக்குள் அடங்கும் என்று வாதாட என்னால் முடியாது.

அறிவிப்பு வந்ததும் ஆட்சியர் விளம்பரம் செய்வார். உரிமை கோருபவர்கள் ஆஜராக வேண்டிய நாள், விளம்பரத்திலிருந்து நான்கு மாதத்துக்கு முன்னும் ஆறு மாதத்துக்குப் பின்னும் இருக்கக் கூடாது. பிறகு விசாரணை. யார் கண்டெடுத்தார், எந்தச் சூழலில் என்பதோடு, யார் எப்போது புதைத்தார் என்பதும் அதில் ஆராயப்படும். உங்கள் சித்தப்பாவுக்கு மனையை விற்றவரின் பேரன் வந்து, “எங்கள் தாத்தா ஒளித்து வைத்த காசு” என்று சொன்னால் என்ன ஆகும்? கடந்த நூறு ஆண்டுக்குள், கோருபவரோ அவருடைய முன்னோரோ புதைத்தது என்று நம்ப இடமிருந்தால், அவர் சிவில் நீதிமன்றத்துக்குப் போக ஆட்சியர் அவகாசம் தருவார். அப்படி நம்ப இடமில்லை என்றால் அது உரிமையாளர் இல்லாத புதையல். நில உரிமையாளரும் கோரினால், உங்களுக்குள் வேறு ஏற்பாடு இல்லாத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. ஆகவே காசுகளின் காலமும் கிடந்த விதமும்தான் உங்கள் வழக்கின் உயிர்நாடி. அதற்குச் சாட்சி சொல்வது நீங்கள் அழுக்கு என்று நினைக்கும் அந்தப் படலமே. செம்பின் மேல் உள்ள பச்சையும் வெள்ளியின் மேல் உள்ள கறுப்பும் மண்ணின் ஈரமும் உப்பும் கந்தகமும் சேர்ந்து உண்டாக்கியவை. ஒட்டிய காசுகள் அவை ஒரே முடிப்பிலோ கலயத்திலோ சேர்ந்து கிடந்ததைக் காட்டலாம். புளியும் எலுமிச்சையும் பச்சையைக் கரைக்கும்போது, அதற்குள் அச்சாகி நிற்கும் எழுத்தையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். செல்போன் சார்ஜர் மின்சாரத்தில் காசைக் கழுவும் வீடியோ வைத்தியமும் அதே ரகம்தான். காலணாவா, சோழர் காசா என்று பார்த்தே சொல்லியிருக்கக்கூடியது, தேய்த்த பிறகு வெறும் செம்புத் தகடு.

“அழுக்கை எடுப்பது குற்றமா?” என்று கேட்கலாம். இல்லை. இருபதாவது பிரிவு தண்டிப்பது, அடையாளத்தை மறைப்பதற்காகப் பொருளை மாற்றுவதையும் மாற்ற முயல்வதையும்தான். உருக்கினால் அது பொருந்தும். ஆர்வத்தில் தேய்த்தவருக்கு அந்த நோக்கம் கிடையாது. ஆனால் நோக்கத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. தகவலும் தராமல், எழுத்தும் அழிந்த காசோடு பிடிபட்டால் ‘வெறும் ஆர்வம்’ என்ற உங்கள் விளக்கம் எடுபடுவது கடினம். அதைவிட முக்கியம், தகவல் தராமல் இருப்பதும் அதே பிரிவின் கீழ் தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உங்கள் பங்கும் அரசுக்குப் போய்விடும். நிலத்துக்காரர் உடந்தை என்றால் அவருக்கும் தண்டனை உண்டு. சித்தப்பாவிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

அவர் காட்டும், புதையலைக் குறிக்கும் பத்திர வாசகம் நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று எழுத்தர்கள் மனப்பாடமாக எழுதுவார்கள். அது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே செல்லும். பேரன் நிலத்துக்காரர் என்ற முறையில் பங்கு கேட்டு வந்தால் சித்தப்பாவுக்குக் கைகொடுக்கும். மாறாக, முன்பு விற்றவர் புதையல் உரிமையைத் தனக்கென்று பத்திரத்தில் நிறுத்திவைத்திருந்தால், சட்டம் அவரையே நிலத்துக்காரராகக் கருதும். எனவே தாய்ப்பத்திரத்தையும் படித்துப் பாருங்கள். ஆனால் இரண்டு தனிநபர்கள் எழுதிக்கொண்ட வாசகம் ஆட்சியருக்குத் தகவல் தரும் கடமையை நீக்காது.

டிடெக்டர் வைத்திருப்பதை இந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை. எங்கே தோண்டுகிறீர்கள் என்பதே சிக்கல். பிரிட்டிஷ் வீடியோக்களைப் பார்த்து இந்தப் பொழுதுபோக்கு பரவுகிறது. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனியாகக் கிடைக்கும் ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் ஆகாது. நம் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. செங்கல்பட்டு வட்டாரமோ பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் நிறைந்த பூமி. சானூரில் 1950களின் தொடக்கத்திலேயே தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட கல்வட்டங்கள் பல, பார்வைக்கு வெறும் முள்காடு. அங்கே தோண்டினால் 1958ஆம் ஆண்டு நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறை. சிப்காட் நிலம், ஏரி, புறம்போக்கு, கோயில் மனை எதிலும் கை வைக்காதீர்கள். உங்கள் சித்தப்பாவின் மனை சவுடு மண் கொட்டி உயர்த்தியதாக இருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள். காசு ஏரி மண்ணோடு வந்ததா, அங்கேயே இருந்ததா என்பது விசாரணையில் வரும்.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது: “கொடுத்தால் நமக்கு என்ன கிடைக்கும்?” 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில் அரைக் கிலோவுக்கு மேல் தங்கம் கிடைத்தபோது, ஊரார் கொடுக்க மறுத்தார்கள். பிறகு அது போலீஸ் பாதுகாப்போடு கருவூலத்துக்குப் போனது. அதே ஆண்டு பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் 1.716 கிலோ எடையில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவையும் கருவூலத்துக்கே போயின. கொடுக்க மறுத்த ஊராரின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சட்டத்திலும் குறை உண்டு. அரசு புதையலை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் தந்தால் போதும். பொற்காசுக்கு அது பரவாயில்லை. செம்புக்காசுக்கு டீச் செலவுக்குக்கூடத் தேறாது. வரலாற்று மதிப்புக்கு விலை தராத இந்த விதி மாற வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அரசு எடுத்துக்கொள்ளாத காசு உங்களுக்கே திரும்பும், அதுவும் சட்டப்படியான உரிமையோடு. மறைத்து விற்ற காசுக்கு அந்த உரிமை ஒருநாளும் வராது. வரலாற்றுக்கும் அது இழப்பு. கரூர் அமராவதி ஆற்றுமணலில் சலித்தெடுத்து வியாபாரிகள் கைக்குப் போன சங்ககாலக் காசுகளில் பல, எந்த இடத்தில் எதோடு கிடந்தன என்ற விவரம் இல்லாமல்தான் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன.

ஆகவே இப்போதைக்கு விற்பனை கூடாது. நூறு ஆண்டு தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. காசுகளைக் கழுவாமல், ஈரமில்லாத காகித உறைகளில் வையுங்கள். குழியையும் காசுகளையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சித்தப்பாவிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள். மனையும் சிங்கப்பெருமாள் கோவிலில்தான் என்றால் மனு செங்கல்பட்டு ஆட்சியருக்குப் போக வேண்டும். ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டம் என்பதால் குழம்பிவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வாய்மொழியாகச் சொன்னது அறிவிப்பு ஆகாது. தாமதமாகியிருந்தால் காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். மனுவின் நகலில் தேதியிட்ட ஒப்புகையும், கருவூலத்தில் கொடுத்தால் எண்ணிக்கையும் எடையும் குறித்த ரசீதும் வாங்காமல் திரும்பாதீர்கள்.