கருத்துக் கேட்புக்குப் போகிறீர்களா?

பொன்னேரி வட்டாரத்தில் புதிதாகத் தொழிற்சாலையோ துறைமுக விரிவாக்கமோ வருகிறதென்றால், பெரும்பாலும் அதற்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்பே தமிழ் நாளிதழில் அறிவிப்பு வரும். அந்த 30 நாள்தான் முக்கியம்.

சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஆட்சியர் அலுவலகத்திலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் ஏரி, கால்வாய், மீன்பிடி இடம் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அதுவே வலுவான ஆட்சேபணை.

கூட்டத்துக்கு இத்தனை பேர் வரவேண்டும் என்ற கணக்கு கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடந்துவிடும். எனவே புறக்கணிப்பது எதிர்ப்பாகப் பதிவாகாது. மேடையில் பேசத் தயக்கமா? எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். கடைசியில் பதிவான கருத்துகளைத் தமிழில் வாசிப்பார்கள். சாப்பாட்டுக்கு நேரமாயிற்று என்று அதற்குள் கிளம்பிவிடாதீர்கள்.

தேதி மாறலாம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது.

கருத்தைப் பதிவுசெய்யக் கிராமத்தினருக்கு இன்னொரு வழி, கிராம சபைத் தீர்மானம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசித்த பிறகே கையெழுத்து போடுங்கள்.