கர்ணனுக்கு மட்டும் ஏன் இத்தனை வழக்கு?

பட்டிமன்றத்திற்குத் தலைப்புத் தேடும் மாணவர் எவரும் ஓர் உண்மையை விரைவில் கண்டுகொள்வர். 'பரதன் நல்லவனா?' என்று தலைப்பு வைத்தால் அவை உறங்கிவிடும். 'சகுனி கெட்டவனா?' என்று வைத்தாலும் அதே நிலைதான். 'கர்ணன் செஞ்சோற்றுக்கடன் தீர்த்தது சரியா?' என்று கேட்டால் போதும்; நடுவர் தீர்ப்புச் சொல்லி முடித்த பின்னும் வாகன நிறுத்துமிடம் வரைக்கும் வாதம் தொடரும். கும்பகருணனா வீடணனா, கண்ணகியா மாதவியா, இராமன் வாலியை மறைந்து நின்று கொன்றது முறையா என்பன போன்ற தலைப்புகளும் இத்தகையனவே.

எத்தனையோ கதைமாந்தர்கள் இருக்க, ஒரு சிலருக்காக மட்டும் நாம் ஏன் இவ்வளவு சூடாக வாதிடுகிறோம்? இக்கட்டுரை இவ்வினாவுக்கு விடை தேடி, அவ்விடையைக் கோல சிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டப்புற வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கிறது.

வாதிடுதல் நம் மரபு

கற்றோர் கூடி வாதிடும் 'பட்டிமண்டபம்' பற்றி மணிமேகலையே பேசுகிறது. பிற்காலத்தில் சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகமும், குன்றக்குடி அடிகளார் போன்றோரும் இம்மரபைப் பொதுமக்கள் மேடைக்குக் கொண்டு வந்தனர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கோ. சாரங்கபாணியின் முயற்சியால் 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள், தமிழ்ப் பேச்சுக்கும் கலைக்கும் புதிய மேடைகளை அமைத்துத் தந்தது. ஆகவே, கதைமாந்தரைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது நமக்குப் புதிதன்று. யாரை ஏற்றுகிறோம் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

இருவகை ஐயங்கள்

வாதத்தைத் தூண்டும் ஐயங்களை இருவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, 'என்ன நடந்தது?' என்னும் ஐயம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. அதில் கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் இறக்கிறான். கொன்றவர் இன்னார் என்று கல்கி உறுதியாகச் சொல்லவில்லை. நந்தினியா, ரவிதாசனா, பெரிய பழுவேட்டரையரா என்று வாசகர்கள் இன்றும் பேசுகின்றனர். இத்தகைய வாதம் சுவையானது. ஆனால் ஆசிரியரே ஒரு வரியில் விடை எழுதியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

இரண்டாவது, 'செய்தது சரியா?' என்னும் ஐயம். இதற்கு எவ்வளவு தகவல் கிடைத்தாலும் முடிவு கிடைக்காது. இன்றைய மாணவர் அறிந்த ஹாரி பாட்டர் கதையை எடுத்துக்கொள்வோம். 2005இல் வெளிவந்த ஆறாம் நூலில் ஸ்னேப் தம் தலைமையாசிரியரைக் கொல்கிறார். அவர் துரோகியா, இல்லையா என்று உலகமே வாதிட்டது. 2007இல் வந்த ஏழாம் நூல், அது தலைமையாசிரியரே கேட்டுக்கொண்டபடி நடந்தது என்று கூறி முதல்வகை ஐயத்தைத் தீர்த்து வைத்தது. வாதம் நின்றதா? நிற்கவில்லை. 'உள்ளத்தில் அன்பு இருந்தது என்பதற்காக, மாணவர்களை அவர் கொடுமையாக நடத்தியதை மன்னிக்கலாமா?' என்று அது வேறு வடிவம் எடுத்தது. நீண்டு வாழ்வது இரண்டாம் வகை ஐயமே என்பதை இது காட்டுகிறது.

இரண்டு அறங்கள் மோதும் இடம்

முழுக்க நல்லவனும் முழுக்கத் தீயவனும் அவல நாடகத்திற்குத் தலைவனாகப் பொருந்தார் என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹெகல் மேலும் ஒரு படி சென்று, சரிக்கும் தவறுக்கும் இடையிலன்றி, சரிக்கும் சரிக்கும் இடையே எழும் மோதலே அவலத்தின் உயிர் என்று விளக்கினார்.

கர்ணனை இவ்வளவுகோலால் அளந்து பாருங்கள். தேரோட்டி மகன் என்று அரங்கில் இகழப்பட்டவனை அங்க நாட்டுக்கு அரசனாக்கி மானம் காத்தவன் துரியோதனன். பாண்டவர் தன் தம்பியர் என்று போருக்கு முன்பே அறிந்த பிறகும் கர்ணன் அவனைக் கைவிடவில்லை. நன்றி மறவாமை ஓர் அறம். அதே கர்ணன்தான் பாஞ்சாலி அவையில் இழிவுபடுத்தப்பட்டபோது அதற்குத் துணை நின்றான். அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றதிலும் பங்கு கொண்டான். அநீதிக்குத் துணைபோகாமையும் ஓர் அறமே. எந்தப் பக்கம் பேசினாலும் கையில் ஓர் அறம் இருக்கிறது. இரு அணியும் தளராமல் வாதிடுவதற்கு இதுவே காரணம்.

கம்பனின் கும்பகருணன் இதனினும் கூர்மையானவன். இராவணன் செய்தது பிழை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறான். போர்க்களத்தில் வீடணன் வந்து இராமனிடம் சேர அழைக்கும்போது மறுக்கிறான். அண்ணனின் சோற்றுக்காகச் சாகத் துணிந்த அவனே, அண்ணனை விட்டுச் சென்ற தம்பியைக் காக்குமாறு இராமனிடம் இறுதியில் வேண்டுகிறான். கம்பர் இருவரையும் இழிவுபடுத்தவில்லை. தீர்ப்பு நம்மிடம் விடப்படுகிறது.

தோட்டத்து மண்ணில் அதே கேள்வி

இதுவரை கண்டது நூலுக்குள் இருக்கும் காரணம். நூலுக்கு வெளியேயும் ஒரு காரணம் உண்டு. கதைமாந்தரின் சிக்கல் நம் சொந்தச் சிக்கலாக இருக்கும்போது வாதத்தில் சூடு ஏறுகிறது.

சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர்கள் பெருமளவில் கங்காணி முறையின் வழி வந்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இது தொடர்ந்தது. கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், முன்பணம் கொடுத்தவர், நல்லது கெட்டதுக்கு முன் நிற்பவர். வேலைக்கு இறங்கிய ஆள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தலைக்காசு பெற்றவரும் அவரே. அவர் சோறு போட்டவரா, சுரண்டியவரா? இரண்டும் உண்மை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்றனர். ஊதிய உயர்வு, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமார் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை ஆகியன கோரிக்கைகளுள் இருந்தன. மே மாதம் நாதன் கைதானதும் போராட்டம் மேலும் தீவிரமடைந்தது. படை வரவழைக்கப்பட்டது; தொழிலாளர் உயிர்கள் பலியாயின. இத்தகைய வேளையில் லயத்து மனிதன் ஒருவன் முன் நின்ற கேள்வி எது? அழைத்து வந்தவருக்கு அடங்கி நிற்பதா, உடன் உழைப்பவரோடு சேர்ந்து நிற்பதா? கும்பகருணனும் வீடணனும் பிரிந்த இடம் இதுதான்.

கங்காணியையோ துரையையோ வெளிப்படையாக விமர்சிக்க முடியாதவர்களுக்கும், துரியோதனனைப் பற்றிப் பேசத் தடை இல்லை. 1964இல் சிவாஜி கணேசன் நடித்த 'கர்ணன்' திரைப்படம் நம்மவர் மனத்தில் ஆழப் பதிந்ததற்கு நடிப்பும் பாடலும் மட்டும் காரணமல்ல. நன்றிக்கும் நீதிக்கும் இடையே தவித்த தங்கள் நிலையையும் அதில் பலர் கண்டிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

பதிவாகாத தீர்ப்புகள்

கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது. அதை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொகோனியே, தம் மலாயா அனுபவத்தை வைத்து எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்துரையின் பார்வை உலக இலக்கியத்தில் ஏறிவிட்டது. அதே மண்ணில் பால்மரம் சீவியவர்கள் கர்ணனுக்கும் கும்பகருணனுக்கும் என்ன தீர்ப்பு வழங்கினர் என்பதை எடுத்துக்காட்ட நம்மிடம் ஏடுகள் மிகக் குறைவு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப்பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. லயத்து வாழ்க்கையை அறிந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. எனவே, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டியிடம் மூன்று வினாக்கள் கேட்டுப் பதிவு செய்யலாம்:

1. கர்ணன் துரியோதனனை விட்டு வந்திருக்க வேண்டுமா?
2. வீடணன் செய்தது அறமா, துரோகமா?
3. உங்கள் வாழ்வில் இப்படி ஒரு நிலை வந்தபோது என்ன செய்தீர்கள்?

முதல் இரண்டு வினாக்களுக்கும் விடை உடனே வரும். மூன்றாவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். அவ்விடையைக் கேட்ட பிறகே முதல் இரண்டு விடைகளின் பொருள் நமக்கு முழுமையாக விளங்கும்.