அப்பாவின் உதட்டுக் கொப்புளம்

அப்பா விசைப்படகில் கடலுக்குப் போய்வந்தவர். பங்குனி வெயிலில் அவர் கீழுதட்டோரம் நீர்கோத்த கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பும். அம்மா வெண்ணெய் தடவிவிடுவாள். ‘கடல் சூடு’ என்பார்கள். அவர் ஒழுக்கத்தை யாரும் விசாரித்ததில்லை.

அதே மாதிரிக் கொப்புளம் 28 வயதில் எனக்கு இடுப்புக்குக் கீழே வந்தது. மெடிக்கல் ஷாப்பில் படர்தாமரைக் களிம்பு கொடுத்தார்கள். எரிச்சல் கூடியதுதான் மிச்சம். ஒரு டாக்டர் பார்த்த மாத்திரத்தில், “எங்கேப்பா போயிட்டு வந்த?” என்றார். துறைமுகத்தில் வேலை என்றால் இந்தக் கேள்வியும் சேர்ந்தே வரும் போல. சீட்டில் ‘ஹெர்பிஸ்’ என்றிருந்ததைப் பார்த்த அத்தை, அக்கி என்று முடிவுகட்டி, வேளார் வீட்டில் போய்க் காவியால் எழுதிவரச் சொன்னாள். எங்கே எழுதுவது என்று நான் சொல்லவில்லை. அக்கி, சின்னம்மை வைரஸின் வேலை. என்னுடையது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். ஒரே குடும்பம், வேறு ஆள்.

சிம்ப்ளெக்ஸில் இரண்டு வகை. உதட்டில் வரும் முதல் வகை, வாய்வழி உறவால் கீழேயும் வரும். 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. பலருக்கு வெளியே தெரிவதே இல்லை. சிலருக்கு வருஷக்கணக்கில் பதுங்கிக் கிடந்துவிட்டுத் தலைகாட்டும். இன்று புண் வந்தால் நேற்று யாரோ துரோகம் செய்ததாக அர்த்தமில்லை. இது தெரியாமல் முதல் காதலியிடம் நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை எழுத முடியாது.

பரிசோதனைப் பேக்கேஜில் பணத்தைக் கொட்டாதீர்கள். ரத்தத்தில் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைப் பார்த்துக் குழம்பியவன் நான். புண் இருக்கும்போதே அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் காட்டுங்கள். அசைக்ளோவிர் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். நேரில் போகக் கூச்சமென்றால் முதலில் 1097 உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

அடுத்த காதலியிடம் எங்கள் ஊர் ரோச் பூங்காவில் சொன்னேன், மக்ரூன் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு. முதல் சந்திப்பிலேயே கொட்ட வேண்டியதில்லை. படுக்கைக்கு முன்னால் சொல்லியே ஆகவேண்டும். பாவசங்கீர்த்தனம் மாதிரித் தலைகுனிந்து சொன்னால் எதிரில் இருப்பவர் பாதிரியார் ஆகிவிடுகிறார். நான் விவரத்தை மட்டும் சொன்னேன்: முழுசாகப் போகாது, புண் இல்லாதபோதும் தொற்றலாம், ஆணுறையும் தினசரி மாத்திரையும் அந்த ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது.

“ஒரே கக்கூஸுக்குப் போனா ஒட்டிக்கிடுமா?”

“ஒட்டாது.”

“புள்ள பெத்துக்கிடலாமா?”

“பெத்துக்கலாம். டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிரணும். பிரசவ நேரத்துல புண் இருந்தா சிசேரியன் பண்ணுவாங்க.”

சரி என்று அவள் சொல்லவில்லை. மக்ரூனையும் தொடவில்லை. பத்து நாள் கழித்து, தானே ஒரு லேடி டாக்டரைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

“உங்க அப்பாவுக்கு உதட்டுல வாறதும் இதானாமே. கொப்புளத்தோட பச்சப்புள்ளைக்கு முத்தம் குடுக்கவே கூடாதாம். அவுககிட்ட சொல்லிட்டியளா?”

அக்காவுக்கு அப்போது எட்டாவது மாசம்.