மூடிய தூக்குக்குள் வண்டு எப்படி வந்தது?

கேள்வி: நகரத்து வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வேண்டிய தானியத்தையும் காயையும் முடிந்தவரை நாங்களே விளைவிக்கிறோம். மாசியில் எடுத்த தட்டைப்பயறை இரண்டு நாள் வெயிலில் போட்டு, வேப்பிலை சேர்த்து, எவர்சில்வர் தூக்கில் இறுக மூடி வைத்தேன். சித்திரை முடிவதற்குள் பாதிப் பயறில் ஓட்டை! எறும்புகூட நுழைய முடியாத தூக்கில் வண்டு எப்படி நுழைந்தது? பயறு தானாகவே வண்டாக மாறிவிடும் என்கிறார் என் மாமியார்.
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: மாமியாரோடு வாதுக்கு நிற்காதீர்கள் அம்மா. அழுகும் பொருளிலிருந்து பூச்சி தானாகப் பிறக்கிறது என்று உலகத்துப் பேரறிஞர்களே பல நூற்றாண்டுகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1668இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி, துணி கட்டி மூடிய இறைச்சியில் புழு வராததைக் காட்டி அந்த நம்பிக்கையை அசைத்தார். வேடிக்கை என்னவென்றால், செடிகளின் முண்டுக்குள் இருக்கும் புழுவைப் பார்த்து, இதைச் செடியே பெற்றிருக்குமோ என்று அவரும் தடுமாறினார். ஓட்டையே இல்லாத ஒன்றுக்குள் புழு இருந்தால் யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும்.

உங்கள் தூக்குக்குள் வண்டு நுழையவில்லை. நீங்கள்தான் அதை உள்ளே வைத்து மூடினீர்கள்.

இதன் பெயர் பயறு வண்டு. பூச்சியியலார் கல்லோசோபுருக்கஸ் என்பார்கள்; பயறு வகைகளையே நம்பிப் பிழைக்கும் சிறு வண்டுக் கூட்டத்தின் பெயர் அது. நெற்று கொடியில் காயும்போதே தாய் வண்டு வந்து முட்டையிட்டுவிடுகிறது. மிச்சமிருக்கும் பயறில் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். தோலின்மேல் ஊசி முனை அளவில் வெள்ளைப் பொட்டு தெரியும். நகத்தால் சுரண்டினால்தான் வரும். அதுதான் முட்டை. பயறோடு பசை போட்டு ஒட்டியிருக்கும். அதிலிருந்து பொரிக்கும் புழு வெளியே தலைகாட்டுவதே இல்லை. முட்டையின் அடியிலேயே துளைத்து நேராகப் பருப்புக்குள் போய்விடும். உள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, தோலை மட்டும் வட்டமாக வெட்டித் திறந்துகொண்டு வண்டாக வெளியே வரும். நம் ஊர் வெயிலில் இதற்கெல்லாம் மூன்று, நான்கு வாரம் போதும். ஆக, நீங்கள் பார்த்த ஓட்டை வண்டு உள்ளே போன வழியல்ல, வெளியே வந்த வழி.

வெளியே வந்த வண்டுக்குத் தீனி தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் ஆயுளில் ஒரு தாய் வண்டு நூறு முட்டை வரை இட்டுவிடும். மாசியில் நாலைந்து இருந்தால் சித்திரைக்குள் தூக்கே அவற்றுக்குச் சொந்தம். வேப்பிலை வாசம் வெளியே திரியும் வண்டைக் கொஞ்சம் விரட்டலாம். பருப்புக்குள் கதவடைத்துக்கொண்டு இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது.

அப்படியானால் இறுக்கமான மூடியால் பயன் இல்லையா? உண்டு, உள்ளே காற்று இல்லாவிட்டால். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மேற்கு, மத்திய ஆப்பிரிக்க விவசாயிகளின் இதே தட்டைப்பயறுக்காகக் கேமரூனில் வேலையைத் தொடங்கினார்கள். பிறகு வந்ததுதான் மூன்றடுக்குப் பை: உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக் பைகள், வெளியே ஒரு சாக்கு. காற்றைப் பிதுக்கிவிட்டுக் கட்டினால், உள்ளே இருக்கும் பூச்சியே மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அதன்பின் அது மூச்சுத் திணறிச் சாகிறது என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அது பெரும்பாலும் தாகத்தால் சாகிறது! காய்ந்த பயறுக்குள் தண்ணீர் ஏது? தின்ற மாவை ஆக்சிஜனோடு எரித்துத்தான் புழு தனக்கு வேண்டிய நீரை உண்டாக்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் அந்த நீரும் நின்றுபோகும், புழு உலர்ந்துவிடும். உங்கள் தூக்கு முக்கால்வாசிதான் நிறைந்திருந்திருக்கும். குழம்புக்கு எடுக்க அடிக்கடி திறந்தும் இருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் புழுவுக்குக் காற்றும் தண்ணீரும் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அறுப்பில் நெற்றைக் கொடியில் வெகுநாள் விட்டுவைக்காமல், காயக் காயப் பறித்துவிடுங்கள். பல்லில் கடித்தால் ‘கடக்’ என்று உடைய வேண்டும். அதுவரை வெயிலில் போடுங்கள். இரண்டு நாள் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். சூடு ஆறியபின் கிலோவுக்கு 5 மில்லி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டு, எல்லாப் பயறிலும் படும்படி புரட்டுங்கள். எண்ணெய்ப் பூச்சின்மேல் முட்டை சரியாக ஒட்டாது, ஒட்டினாலும் பொரிப்பது அரிது. சமையலுக்கு என்று சின்ன டப்பா ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, மற்றதைக் கழுத்துவரை நிரப்பி இரண்டு மாதம் திறக்காதீர்கள். பானையில் வைப்பதானால் மேலே இரண்டு விரல் உயரம் காய்ந்த மணல் பரப்பினால் போதும். விதைப் பயறுக்குச் சாம்பலே உத்தமம். ஆனால் ஒரு கைப்பிடி தூவுவது சாமிக்குத் திருநீறு போடுவது போலத்தான்! பயறுக்கும் பயறுக்கும் இடையே உள்ள சந்து நிறைய வேண்டும். அப்போதுதான் வண்டு நகரவோ ஜோடி சேரவோ முடியாது.

உங்கள் மாமியார் இன்னொன்றும் சொல்லியிருப்பார்: அமாவாசைக்கு அமாவாசை பயறை வெயிலில் போடு என்று. நிலவுக்கும் வண்டுக்கும் உறவு இருக்கிறதோ இல்லையோ, மாதம் ஒரு முறை என்ற கணக்கு வண்டின் தலைமுறைக் கணக்கோடு ஏறக்குறையப் பொருந்துகிறது. புதிதாக வெளிவந்த வண்டுகள் வெயில் பட்டதும் பறந்துவிடும். இரண்டு மாதம் மூடி வைத்ததைத் தொடாமல், சமையல் டப்பாவில் இருக்கும் பயறுக்கு மட்டும் அந்தப் பேச்சைக் கேளுங்கள்.

இப்போது தூக்கில் இருப்பதைக் கோழிக்குப் போட்டுவிடுங்கள். ஓட்டை விழுந்த பயறு விதைக்கு ஆகாது. தூக்கை வெந்நீரில் கழுவிக் காயவைக்காமல் புதுப் பயறைக் கொட்டாதீர்கள்.