எக்ஸ்ரே சிடியை என்ன செய்வது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கங்களில் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கும் இப்போது பிலிமுக்குப் பதிலாக சிடியோ, பைலோ தரப்படுவதுண்டு. படம்தான் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டதே, பளிச்சென்று மாற்றி டாக்டருக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

சிடியில் இருப்பது பெரும்பாலும் டைகாம் பைல். பல மெஷின்களில் கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 4,096 சாம்பல் நிலைகள் இதில் பதிவாகும். சாதாரண ஜேபெக் படத்திலோ 256 நிலைகள்தான். அதாவது 16 நிலைகள் ஒன்றாகிவிடுகின்றன.

உதாரணமாக நுரையீரலில் ஓரிடத்தின் அளவு 1602, பக்கத்தில் உள்ள லேசான திட்டின் அளவு 1612 என்று வைத்துக்கொள்வோம். 16ஆல் வகுத்து, தசமத்தை விட்டுவிட்டால் இரண்டுமே 100. திட்டு மறைந்துவிட்டது! பிறகு கான்ட்ராஸ்டை எவ்வளவு கூட்டினாலும் அது திரும்பாது. ஒரிஜினல் பைலில் 1344 முதல் 1855 வரை உள்ள 512 நிலைகளை மட்டும் திரையின் 256 நிலைகளுக்கு விரித்தால், அதே திட்டு 5 நிலை வித்தியாசத்தில் தெரியும். இதற்குத்தான் விண்டோ/லெவல் என்று பெயர். இதில் பைல் மாறாது, பார்க்கும் விதம்தான் மாறும்.

ஷார்ப்பன் செய்தால் ஓரங்கள் மிகையாகும். வெறும் தோல் மடிப்பின் கோடு, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்ததுபோலத் தோன்றலாம். படத்தை மழுப்பினால் உண்மையான மெல்லிய கோடே போய்விடலாம். எக்ஸ்ரே மெஷின் ஏற்கெனவே படத்தை ஒருமுறை சீர்செய்துதான் தருகிறது. வீட்டில் இன்னொரு முறை வேண்டாம்.

இது சின்ன விஷயமல்ல. 2019 - 2021ல் நடந்த தேசிய காசநோய் ஆய்வில், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் தப்பிப் போயிருப்பார்கள் என்று தெரியவந்தது. எந்தத் தொந்தரவும் சொல்லாதவரின் நோயை அந்த லேசான திட்டுதான் காட்டிக்கொடுக்கிறது.

செய்ய வேண்டியவை:

1. சிடியில் உள்ள போல்டர் முழுவதையும் அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள்.

2. வேசிஸ் போன்ற இலவச டைகாம் வியூவரை நிறுவிப் படத்தைத் திறங்கள்.

3. விண்டோ/லெவல் டூலைத் தேர்ந்தெடுத்து, மவுஸ் பட்டனை அழுத்தியபடி நகர்த்திப் பாருங்கள்.

4. டாக்டரிடம் ஒரிஜினல் சிடியையோ பைலையோ கொடுங்கள். திரையை செல்போனில் படம் பிடித்து அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் ஒப்பிட அதையும் கொடுங்கள்.

5. டைகாம் பைலுக்குள் நோயாளியின் பெயர், வயது போன்ற விவரங்கள் இருக்கும். கண்ட இணைய தளங்களில் ஏற்றாதீர்கள்.

வீட்டு மானிட்டரில் பார்ப்பது தெரிந்துகொள்ள மட்டுமே. நோய் உண்டா, இல்லையா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம்.