சூரைச்செடியின் கீழ் ஒரு பாடம்

வாசிக்க: 1 இராஜாக்கள் 19:1-8



கர்மேலில் பெரிய ஜெயத்தைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, அதிக நாள் செல்லுமுன்னே சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்துவிட்டார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நித்திரையும், சுட்ட அடையும், தண்ணீரும் கொடுத்தார். அதுவும் இரண்டு தரம். அதன் பின்பே ஓரேபுக்கு நாற்பது நாள் பிரயாணம்.

நாங்களோ விடுமுறை நாளிலும் நர்சுகளை அழைத்து வேலை வாங்குவதை ஊழிய வைராக்கியம் என்று எண்ணியிருந்தோம். தொடர்ந்து இரவுப் பணி செய்த ஒரு சகோதரி, ஒரு விடியற்காலையில் மருந்தை மாற்றி எடுத்துவிட்டார். நோயாளிக்குக் கொடுக்குமுன் உடன் ஊழியர் கண்டுகொண்டார், கர்த்தர் காத்தார். குற்றம் அழுதுகொண்டு நின்ற அந்தச் சகோதரியிடம் அல்ல, எங்களிடமே இருந்தது.

இப்பொழுது வார விடுமுறையில் யாரையும் அழைப்பதில்லை. இரவுப் பணி முடித்தவர்கள் இருட்டான அறையில் ஏழு மணி நேரமாவது தூங்கும்படியும், பணியின் பிற்பகுதியில் காப்பியைத் தவிர்க்கும்படியும் சொல்லுகிறோம்.

ஓய்வுநாள் கட்டளை மாட்டையும் கழுதையையும்கூட மறக்கவில்லை (யாத்திராகமம் 23:12).

சிந்திக்க: இந்த வாரம் உங்கள் ஓய்வுநாள் எது? உங்கள் வீட்டில் வேலை செய்கிறவருக்கு எது?

ஜெபிக்க: இன்றிரவு வார்டில் விழித்திருக்கும் எங்கள் ஊழியருக்காக.