கடைசி விசிலும் கடைசி ரயிலும்

வெளிநாட்டில் நடக்கும் கால்பந்துத் தொடரை ரயிலிலேயே சுற்றிப் பார்ப்பது எப்படி என்பதற்கு 2024 ஐரோப்பியக் கோப்பையைப் போல நல்ல பாடம் வேறில்லை. ஜூன் 14 முதல் ஜூலை 14 வரை ஜெர்மனியின் 10 நகரங்களில் 24 அணிகள் 51 ஆட்டங்கள் ஆடின. பத்து நகரங்களும் தண்டவாளத்தால் இணைந்தவை. பெரும்பாலான அரங்குகளின் வாசலருகே ஒரு ரயிலோ டிராமோ நிற்கும். ரசிகர்களைக் காரிலிருந்து இறக்கி ரயிலில் ஏற்றுவதே ஏற்பாட்டாளர்களின் எண்ணம் என்பதால், ஆட்டத்துக்கான டிக்கெட்டோடு 36 மணி நேர உள்ளூர்ப் பயணமும் சேர்த்தே கிடைத்தது. ஆட்ட நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் மாலை 6 மணி வரை அது செல்லும். டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு நெடுந்தூர ரயிலில் 29.90 யூரோ சலுகைக் கட்டணமும் இருந்தது. காகிதத்தில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. அதை நம்பிப் போனவர்களில் பலர் நள்ளிரவில் நடைமேடையில் நின்றார்கள் என்பதும் உண்மை.

முதல் குழப்பம் அந்த 36 மணி நேரச் சலுகையிலேயே தொடங்கியது. அது உள்ளூர்ப் போக்குவரத்துக்கு மட்டுமே, அதாவது ஆட்டம் நடக்கும் நகரத்தின் கட்டண வட்டத்துக்குள் ஓடும் யு-பான் என்னும் சுரங்க ரயில், எஸ்-பான் என்னும் புறநகர் ரயில், டிராம், பேருந்து ஆகியவற்றுக்கு. அதைக் காட்டி பெர்லினிலிருந்து மியூனிக்குக்கு ஐசிஇ எனப்படும் அதிவேக ரயிலில் ஏற முடியாது. இரண்டாவது வழி டாய்ச்லாண்ட் டிக்கெட். 2024இல் மாதம் 49 யூரோ, 2025இல் 58. நாடு முழுவதும் வட்டார ரயில், டிராம், பேருந்து எல்லாம் அதில் அடக்கம். ஐசிஇ போன்ற நெடுந்தூர ரயில்கள் மட்டும் கிடையாது. மலிவுதான், ஆனால் அதில் இரண்டு முட்கள் உண்டு. அது நாள்காட்டி மாதத்தைத்தான் கணக்கில் கொள்ளும். ஜூன் 20 முதல் ஜூலை 5 வரை சுற்றியவருக்கு இரண்டு மாதக் கட்டணம். அதோடு அது மாதாமாதம் தானே புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் ஊர் திரும்பிய பிறகும் பணம் போய்க்கொண்டிருக்கும்.

மலிவுக்கான விலை நேரம். கொலோனிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு ஐசிஇ ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும்; ரைன் நதிக்கரையோரம் ஊர்ந்து போகும் வட்டார ரயில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் எடுக்கும். ஆட்டமில்லாத நாளில் அது ஓர் அழகான பயணம். ஆட்ட நாளில் அந்த அழகைப் பார்க்கும் மனநிலை யாருக்கும் இருப்பதில்லை.

எங்கே தங்குவது என்பதை அரங்கை வைத்து முடிவு செய்வதைவிட ரயில் சந்திப்பை வைத்து முடிவு செய்வதே நல்லது. அணிகளின் அலைச்சலைக் குறைக்க இந்தத் தொடரின் குழு ஆட்டங்கள் வட்டாரவாரியாக ஒதுக்கப்பட்டிருந்தன. பெர்லின், ஹாம்பர்க், லைப்சிக் ஒரு பக்கம். டோர்ட்முண்ட், கெல்சன்கிர்ஷன், டூசல்டார்ஃப், கொலோன் மேற்கே. பிராங்க்ஃபர்ட், ஸ்டுட்கார்ட், மியூனிக் தெற்கே. மேற்கில் இருந்த நான்கு அரங்குகளும் வட்டார ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்குபவை. டூசல்டார்ஃபிலோ எசனிலோ ஒரே அறையை எடுத்துக்கொண்டு நான்கு நகரங்களுக்கும் போய்வந்தவர்கள், நாளுக்கு ஓர் ஊரில் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைந்தவர்களைவிட அதிக ஆட்டங்களைக் குறைந்த களைப்போடு பார்த்தார்கள். ஆட்டம் நடக்கும் ஊரிலேயே தங்க வேண்டும் என்ற ஆசைதான் செலவு, அலைச்சல் இரண்டையும் ஏற்றிவிடும்.

ஜெர்மானிய ரயில்கள் நேரம் தவறாதவை என்ற பழைய பேச்சை நம்பித் திட்டமிட்டவர்கள் முதல் வாரத்திலேயே தெளிந்துவிட்டார்கள். 2024 ஜூனில் ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச் பானின் நெடுந்தூர ரயில்களில் ஏறத்தாழ 53 விழுக்காடுதான் நேரத்துக்கு வந்தன. அதிலும் ‘நேரத்துக்கு’ என்றால் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதம் என்று பொருள். ரத்தான ரயில்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. தொடரின் இயக்குநரும் முன்னாள் ஜெர்மன் அணித் தலைவருமான ஃபிலிப் லாமே ரயில் தாமதத்தால் டூசல்டார்ஃபில் ஸ்லோவாக்கியா–உக்ரைன் ஆட்டத்தின் தொடக்கத்தைத் தவறவிட்டார். அரையிறுதிக்கு முந்தைய நாள் நெதர்லாந்து அணி வொல்ஃப்ஸ்பர்க்கிலிருந்து டோர்ட்முண்டுக்கு ஏறவிருந்த ரயில் ரத்தாகி, அணியினர் விமானத்தில் போக நேர்ந்தது. பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட தண்டவாளப் பராமரிப்புதான் வேர்க்காரணம். பிராங்க்ஃபர்ட்–மான்ஹைம் தடத்தை முழுதாக மூடிச் சீரமைக்கும் பெரும் பணி, இறுதி ஆட்டம் முடிந்த மறுநாளே, ஜூலை 15 அன்று, தொடங்கியது. விருந்தாளி கிளம்பட்டும் என்று காத்திருந்த வீட்டுவேலை போல.

ஆகவே ஆட்ட நாளில் நெடுந்தூர ரயிலைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு வேறு. அட்டவணைப்படி அரங்கத்துக்குச் சரியாகக் கொண்டு சேர்க்கும் ரயிலை விட்டுவிட்டு, அதற்கும் இரண்டு ரயிலுக்கு முந்தையதைப் பிடிக்க வேண்டும். ஒன்று ரத்தாகி, அடுத்தது தாமதமானாலும் தொடக்க விசிலுக்குள் போய்ச் சேரலாம். வழியில் மாற வேண்டியிருந்தால் ஏழு நிமிட இடைவெளி உள்ள இணைப்பை முன்பதிவுத் தளம் தாராளமாகக் காட்டும். அதை ஏற்காமல் அரை மணி நேர இடைவெளி உள்ளதை எடுப்பதே விவேகம். மலிவுக் கட்டண டிக்கெட் குறிப்பிட்ட ரயிலோடு கட்டப்பட்டது; வேறு ரயிலில் ஏறினால் செல்லாது. ஆனால் போய்ச் சேரும் நேரம் 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். அடுத்து வரும் எந்த ரயிலிலும் ஏறலாம். இந்த ஒரு விதி தெரியாமல் புது டிக்கெட் வாங்கிப் பணத்தை விட்டவர்கள் உண்டு.

ரயிலைப் பிடித்தால் மட்டும் போதாது, சரியான பெட்டியிலும் ஏற வேண்டும். பெர்லினிலிருந்து மேற்கே போகும் பல ஐசிஇ ரயில்கள் இரண்டு ரயில்கள் ஒட்டியவை. ஹாம் நிலையத்தில் அவை பிரியும். ஒரு பாதி டோர்ட்முண்ட், எசன் வழியாக டூசல்டார்ஃபுக்குப் போகும். மறு பாதி ஹாகன், வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்குப் போகும். கழுத்துத் துண்டோடு பாடிக்கொண்டு வரும் கூட்டம் காலியிடம் தேடி மறு பாதியில் ஏறிவிட்டால், ஜன்னலுக்கு வெளியே டோர்ட்முண்ட் வராமல் வேறு ஊர்கள் வரத் தொடங்கும். பெட்டியின் வெளிப்புறத்தில், கதவருகே உள்ள சிறு திரையில், அந்தப் பாதி எங்கே போகிறது என்று ஓடிக்கொண்டிருக்கும். ஏறுமுன் அதைப் படிக்க மூன்று விநாடி போதும். நடைமேடையில் தொங்கும் ஏ, பி, சி எழுத்துகளும் அலங்காரம் அல்ல. எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்பதைச் சொல்பவை. பெட்டி வரிசை தலைகீழாக வருகிறது என்ற அறிவிப்பும் அடிக்கடி கேட்கும். அப்போது நடைமேடையில் நிற்கும் மொத்தக் கூட்டமும் எதிரெதிரே ஓடும் காட்சி, டிக்கெட் இல்லாமலே பார்க்கக் கிடைக்கும் ஆட்டம்.

நகரத்துக்குள் வந்த பிறகு பெயர்க் குழப்பம். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் தொடர்களில் அரங்குகளின் விளம்பரப் பெயர்கள் நீக்கப்படும். டிக்கெட்டில் ‘மியூனிக் ஃபுட்பால் அரீனா’ என்று இருந்தது. ஊருக்கு அது அலியான்ஸ் அரீனா. இறங்க வேண்டிய யு6 நிலையத்தின் பெயரோ ஃபுரோட்மானிங். டிக்கெட்டில் ‘அரீனா ஆவ்ஃப்ஷால்க’ என்று இருந்த கெல்சன்கிர்ஷன் அரங்கின் டிராம் நிறுத்தத்துக்கு ஃபெல்டின்ஸ் அரீனா என்ற பீர் நிறுவனப் பெயர். முந்தைய இரவே நிறுத்தத்தின் பெயரை, அரங்கின் பெயரை அல்ல, எழுதி வைத்துக்கொள்வது உதவும்.

கெல்சன்கிர்ஷன் தனியாகப் பார்க்க வேண்டிய ஊர். ஜூன் 16 அன்று செர்பியா–இங்கிலாந்து ஆட்டம் அங்கே இரவு 9 மணிக்குத் தொடங்கியது. அரங்கம் மத்திய ரயில் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. இரண்டையும் இணைப்பது 302ஆம் எண் டிராம். ஒரு டிராம் நெருக்கியடித்தாலும் 250 பேருக்கு மேல் கொள்வது கடினம். சுமார் 50,000 பேரில் மூன்றில் ஒருவர் அதை நம்பினாலே அறுபதுக்கு மேற்பட்ட டிராம்கள் வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்று நடந்ததும் ஏறத்தாழ இதுதான். நள்ளிரவு தாண்டியும் கூட்டம் கரையவில்லை. மத்திய நிலையத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கோ டூசல்டார்ஃபுக்கும் டோர்ட்முண்டுக்கும் போகும் ரயில்கள் மெலிந்துவிட்டிருந்தன. அரங்கின் கொள்ளளவைப் பெருமையாகச் சொல்லும் வழிகாட்டிகள் டிராமின் கொள்ளளவைச் சொல்வதில்லை. பயணிக்கு இரண்டாவது எண்தான் முக்கியம்.

எனவே திட்டத்தைத் திரும்பும் பயணத்திலிருந்து தொடங்க வேண்டும். இரவு 9 மணி ஆட்டம் 10.50 வாக்கில் முடியும். நாக் அவுட் சுற்றில் கூடுதல் நேரமும் பெனால்டியும் சேர்ந்தால் 11.40 ஆகிவிடும். வானிலையும் நேரத்தைத் தின்னும். ஜூன் 29 அன்று டோர்ட்முண்டில் ஜெர்மனி–டென்மார்க் ஆட்டம் இடி மின்னலால் ஏறத்தாழ 25 நிமிடம் நின்றது. வேறு ஊரில் தங்கியிருப்பவர் கடைசி விசிலுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் ஒரு ரயில் இருக்கிறதா என்று பார்த்த பின்பே அறை எடுக்க வேண்டும். இல்லையென்றால் 3 மணி, 6 மணி ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பதே மேல். பெர்லின் யு-பான் வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடும். வார நாளில் இரவுப் பேருந்துதான். தொடருக்காக விடப்படும் கூடுதல் ரயில்கள் தேதிக்குத் தேதி மாறும் என்பதால் அந்த வாரத்து அட்டவணையையே பார்க்க வேண்டும்.

கூட்டத்தைத் தாண்டுவதற்கு நடையும் ஒரு வழி. டோர்ட்முண்டில் அரங்கிலிருந்து மத்திய நிலையம் முக்கால் மணி நேர நடை, லைப்சிக்கில் அரை மணி நேரம். பல வேளைகளில் வரிசையில் நிற்பதைவிட இது வேகம். பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் எல்லோரும் ஒலிம்பியாஸ்டேடியோன் எஸ்-பான் நிலையத்துக்கே பாய்வார்கள். ஊருக்கு எதிர்த்திசையில் ஒரு நிலையம் தள்ளி பிஹெல்ஸ்பெர்க் இருக்கிறது. அங்கே நடந்து போய் ஊர்ப்பக்கம் வரும் ரயிலில் ஏறினால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அரங்க நிலையத்துக்குள் அந்த ரயில் நுழையும்போது ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தின் முகங்களைப் பார்க்க நேரும். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

கைச்சுமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏ4 தாளைவிடப் பெரிய பைக்கு அரங்கில் அனுமதி இல்லை. ஆட்ட நாளில் நிலையப் பெட்டகங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும். எனவே பெட்டியை அறையிலேயே விட்டு வர வேண்டும். ஆட்ட டிக்கெட், பயணச் சலுகை, ரயில் டிக்கெட் மூன்றும் கைப்பேசியிலேயே இருப்பதால், மின்கலம் தீர்ந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் போகும். நிலையங்களில் தடுப்புக் கதவுகள் கிடையாது. அதனால் டிக்கெட் பார்ப்பதில்லை என்று நினைக்கக் கூடாது. சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் செல்லுபடியாகும் டிக்கெட்டைக் காட்டாவிட்டால் 60 யூரோ அபராதம். பெர்லின், மியூனிக் போன்ற ஊர்களில் காகித டிக்கெட் வாங்கினால் அதை முத்திரை இயந்திரத்தில் செருகி நேரம் பதிக்க வேண்டும். பதிக்காத டிக்கெட்டும் இல்லாத டிக்கெட்டும் ஒன்றே.

தாமதத்துக்கு இழப்பீடு உண்டு. சேருமிடத்துக்கு 60 நிமிடம் தாமதமாகப் போனால் கட்டணத்தில் 25 விழுக்காடு, 120 நிமிடம் என்றால் 50 விழுக்காடு. மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அன்றைய கடைசி ரயில் ரத்தாகி நள்ளிரவுக்குள் ஊர் சேர வழியில்லாமல் போனால் 120 யூரோ வரை வாடகைக் கார் செலவைக் கேட்கலாம். ஆட்டம் பெனால்டிக்குப் போனதால் ரயிலைத் தவறவிட்டவருக்கு இது பொருந்தாது. டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் ஒரு மணி நேரத் தாமதத்துக்கு 1.50 யூரோதான். நான்கு யூரோவுக்குக் குறைந்தால் தரமாட்டார்கள் என்பதால், மூன்று முறை தாமதமானால்தான் பணம் கைக்கு வரும். 2024 ஜூனில் அங்கே சுற்றியவர்களுக்கு அது பெரிய தடையாக இருந்திருக்காது.